விப்பிள் ஆபரேஷன்: பக்கத்து மருத்துவமனையா, தூரத்து மையமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. மஞ்சள் காமாலை என்று பார்க்கப்போய், கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்தது. விப்பிள் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். பக்கத்து மருத்துவமனையில் நல்ல சர்ஜன் இருக்கிறார். ஆனால் இந்த ஆபரேஷன் அங்கே எப்போதாவதுதான் நடக்கும். அடிக்கடி செய்கிற மையம் நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. அலைவதில் பலன் உண்டா?

பதில்: உண்டு. பித்தப்பையை மட்டும் எடுப்பதென்றால் பக்கத்திலேயே செய்துகொள்ளுங்கள் என்போம். விப்பிளில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, சிலருக்கு இரைப்பையின் ஒரு பகுதி என இத்தனையும் வெளியே வரும். பிறகு மிச்சமுள்ள கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு தைத்து இணைக்க வேண்டும்.

மூன்றிலும் அதிகம் தொல்லை தருவது கணைய இணைப்பு. கணையம் மென்மையாக இருந்து, அதன் நாளமும் 3 மி.மீ.க்குள் இருந்தால், நூலை இறுக்கும்போதே திசு கிழியும். கசிவது செரிமான நீர். அருகிலுள்ள ரத்தக்குழாயின் சுவரையே அது அரித்துவிடும். கசிவு தேர்ந்த கைகளிலும் வரும். வந்த பிறகு அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

ஒரு நிலைமையைப் பாருங்கள். எட்டாம் நாள் இரவு. நோயாளி நடக்கிறார், சாப்பிடுகிறார். டிரெய்ன் பையில் (வயிற்றிலிருந்து நீர் வடிய வைத்த குழாயின் பை) திடீரென்று கொஞ்சம் புது ரத்தம். சற்று நேரத்தில் தானாக நின்றும் விடுகிறது. பிபி, நாடித்துடிப்பு இரண்டும் நார்மல். பழக்கமில்லாத வார்டில் இது காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கும். பழகிய நர்ஸ் அந்த நிமிடமே சர்ஜனை எழுப்புவார். ஆபரேஷனில் கட்டிவிட்ட தமனிக் கிளையின் முனை அரிபட்டு, பெரிதாக உடைவதற்கு முன் தரும் எச்சரிக்கை அது. உடனே சிடி ஆஞ்சியோகிராம் எடுத்து, தொடை வழியாகக் குழாய் செலுத்தி, காயில் (சிறு உலோகச் சுருள்) வைத்தோ ஸ்டென்ட் (உள்ளே பொருத்தும் சிறு குழாய்) வைத்தோ அடைக்க வேண்டும். இதைச் செய்பவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். சர்ஜன் மட்டும் திறமைசாலியாக இருந்து, ராத்திரி ரேடியாலஜி இல்லையென்றால் இந்த இடத்தில் கைவிட்டுப் போகும்.

அமெரிக்காவில் மூத்த வயதினரிடம் எடுத்த கணக்கு 2002-ல் வெளியானது. கணைய ஆபரேஷனை மிக அரிதாகச் செய்த மருத்துவமனைகளில் இறப்பு 100-க்கு 16. அதிகம் செய்த இடங்களில் 4-க்கும் கீழே. இன்று எல்லா இடத்திலும் நிலைமை தேறியிருக்கிறது, ஆனால் இடைவெளி மூடவில்லை. நெதர்லாந்தில் வருடத்துக்குக் குறைந்தது 20 விப்பிள் செய்யும் இடங்களில் மட்டுமே என்று விதி வைத்தார்கள். அப்படிப்பட்ட மையங்களிலும்கூட, சிக்கலை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரே நடைமுறையைப் பின்பற்றியதும் 90 நாள் இறப்பு 5 சதவீதத்திலிருந்து சுமார் 3 சதவீதமாகக் குறைந்தது.

ஆகவே இரண்டு இடத்திலும் கூச்சப்படாமல் கேளுங்கள். போன வருடம் எத்தனை விப்பிள் செய்தீர்கள், சர்ஜன் தனியாக எத்தனை, மருத்துவமனை மொத்தம் எத்தனை? 90 நாளுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள்? (30 நாள் கணக்கு போதாது, தாமதமாக வரும் சிக்கல்கள் அதில் விடுபடும்.) இரவிலும் விடுமுறை நாளிலும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் வருவாரா? ஸ்கேனை டியூமர் போர்டில் (பல துறை டாக்டர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டம்) பார்த்தார்களா? கட்டி பெரிய சிரையை ஒட்டியிருந்தால் முதலில் கீமோவா, அல்லது சிரையோடு சேர்த்து எடுப்பதா என்று தீர்மானிப்பது அங்கேதான். "சக்சஸ் ரேட் நல்லா இருக்கு" என்பது பதிலாகாது. எண்ணைச் சொல்லத் தயங்காத இடத்தையே நம்புங்கள். எண்ணிக்கை மட்டும் பெரிதாக இருந்து ராத்திரி ரேடியாலஜி இல்லாத மையத்தை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

இரண்டாவது கருத்துக்காகச் சில நாள் எடுத்துக்கொள்வதால் பொதுவாக நஷ்டமில்லை. ஆனால் காமாலையோடு குளிர் காய்ச்சல் வந்தால் அது பித்தநாளத் தொற்றாக இருக்கலாம். அன்றே பக்கத்து மருத்துவமனையில் சேருங்கள், ஊசி மருந்தும், பித்தம் வடிய வைக்கும் ஸ்டென்ட்டும் தாமதிக்கக்கூடாது. புகை பிடிப்பவரானால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், தினமும் நடக்க வையுங்கள், எடை குறைந்திருந்தால் டயட்டீஷியனைப் பாருங்கள்.

தூரத்து மையத்தில் செய்துகொண்டால், டிஸ்சார்ஜ் ஆனதும் முதல் சில வாரம் அந்த ஊரிலேயே தங்க முடியுமா பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், ஓயாத வாந்தி, டிரெய்னிலோ மலத்திலோ ரத்தம், கறுப்பு மலம் எது வந்தாலும் உடனே அந்த டீமுக்கு போன் செய்யுங்கள். ரத்தம் கண்டால் பயணத்தில் நேரம் போக்காமல் முதலில் பக்கத்து எமர்ஜென்சிக்குப் போய், அங்கிருந்தே அவர்களோடு டாக்டரைப் பேசச் சொல்லுங்கள்.