மடக்கைச் சமன்பாடு: கேட்டவர்களுக்குப் பதில்

(லாக் என்பது மடக்கை. லாக் என்று மட்டும் எழுதினால் அடிமானம் 10, அதாவது 10-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்பது; லாக் 10 = 1.)

கேள்வி: 2-இன் அடுக்கு எக்ஸ் = 32 என்றால் எக்ஸ் 5 என்று உடனே வந்துவிடுகிறது. 32-க்குப் பதில் 10 கொடுத்தால் கை நின்றுவிடுகிறது, சார்.

பதில்: 32 இரண்டின் அடுக்காக அமைந்ததால் பிழைத்தீர்கள். 10 அப்படி அமையாது. 2-இன் மூன்றடுக்கு 8, நான்கடுக்கு 16, ஆக விடை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் லாக் எடுங்கள். எக்ஸ் × லாக் 2 = 1, லாக் 2 என்பது 0.3010, வகுத்தால் 3.32. லாக் 10-ஐ லாக் 2-ஆல் வகுக்கச் சொன்னால் உள்ளே இருக்கும் 10-ஐ 2-ஆல் வகுத்து லாக் 5 என்று எழுதி 0.699 கொண்டுவருபவர்கள் நிறைய. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் என்ற குத்துமதிப்பைக் கையில் வைத்திருந்தால் அந்தத் தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: லாக் எக்ஸ் + லாக் (எக்ஸ் − 3) = 1. எனக்கு 5, −2 இரண்டும் வருகிறது, விடைப் பக்கத்தில் 5 மட்டும். அச்சுப் பிழையா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. இரண்டு லாக்கையும் சேர்த்து எக்ஸ் (எக்ஸ் − 3) = 10 என்று எழுதினாய் அல்லவா, அதில் −2 போட்டால் (−2)(−5) = 10, கச்சிதமாகப் பொருந்தும். அசலில் போட்டால் லாக் (−2). மெய்யெண்ணில் அப்படி ஒன்று கிடையாது. சேர்த்து எழுதும்போது, ஒவ்வொன்றும் தனியாக மிகை எண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கழன்றுவிடுகிறது, குறையும் குறையும் பெருகி மிகையாகி உள்ளே புகுந்துவிடுகிறது.

கேள்வி: அப்போ எக்ஸ் குறை எண்ணாக வந்தாலே அடித்துவிடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம். லாக் (எக்ஸ்²) = 4 எடுத்துக்கொள்ளுங்கள். 2-ஐ முன்னால் இழுத்து 2 லாக் எக்ஸ் = 4, எக்ஸ் = 100 என்று முடித்துவிடுவோம். −100-ஐயும் போட்டுப் பாருங்கள்: வர்க்கம் 10000, லாக் 4. அதுவும் விடைதான், 2-ஐ இழுத்தபோது தொலைந்துபோனது. ஒருமுறை ட்யூஷனில் நானே −100-ஐச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, மறுநாள் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கேள்வி: பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் படிக்கிறேன். இது எங்காவது உதவுமா?

பதில்: 8 சதவீத ஆண்டுக் கூட்டு வட்டியில் பணம் எப்போது இரட்டிக்கும்? 1.08-இன் அடுக்கு என் = 2 (‘என்’ என்பது வருஷ எண்ணிக்கை). 0.3010-ஐ லாக் 1.08 ஆன 0.0334-ஆல் வகுங்கள், 9 வருஷம். மூன்று மடங்கு வேண்டுமென்றால் மேலே லாக் 3, அதாவது 0.4771, 14 வருஷத்துக்குக் கொஞ்சம் கூட.