சுவீடனில் முனைவர் பட்ட ஆய்வு இடம்: கேள்வி பதில்

கேள்வி: சுவீடனில் பிஎச்.டி. சேர்க்கை எந்த மாதம் நடைபெறும்? கட்டணம் எவ்வளவு?

பதில்: பொதுவான சேர்க்கை மாதம் என்று ஒன்று கிடையாது, கட்டணமும் கிடையாது. அங்கே ஆய்வு மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியராக இருந்து மாதச் சம்பளம் வாங்குபவர். ஆகவே உப்சாலா, லுண்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் நிதி கிடைக்கும்போது இடங்களை வேலைவாய்ப்பாகவே விளம்பரம் செய்கின்றன. முழுநேர ஆய்வுக்கு 4 ஆண்டுகள். கற்பித்தல் முதலிய துறைப்பணி 20 விழுக்காடு வரை சேர்ந்தால் அது 5 ஆண்டுகளாக நீளும். விளம்பரத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: நான்கு ஆண்டு பி.டெக். மட்டும் போதுமா, ஐயா?

பதில்: பொதுத் தகுதிக்கு 240 கிரெடிட் (ஓர் ஆண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட்) வேண்டும், அதில் 60 முதுநிலை மட்டத்தில் இருக்க வேண்டும். மூன்றாண்டு பி.எஸ்சி.யும் ஈராண்டு எம்.எஸ்சி.யும் முடித்தவருக்குப் பொதுவாகச் சிக்கல் எழுவதில்லை. உங்களுக்கு மொத்தம் நிறைந்தாலும் அந்த 60 இடிக்கும். இணையான அறிவை வேறு வழியில் பெற்றவரையும் ஏற்க விதி இடம் தருகிறது. அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: என் சி.ஜி.பி.ஏ. 7.2. கிடைக்குமா?

பதில்: இந்த எண்ணை மட்டும் வைத்து எவராலும் சொல்ல முடியாது. விளம்பரம் கேட்கும் ஆய்வுத்திறன் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் என் நண்பர் பேராசிரியருக்கு நேரடியாக எழுதித்தான் இடம் பெற்றார். சுவீடனில் மட்டும் விளம்பரம் எதற்கு? ஆளை முன்பே முடிவு செய்துவிட்டுச் சடங்குக்குத்தானே வெளியிடுகிறார்கள்?

பதில்: ஜெர்மனியில் தனிப்பட்ட வழிகாட்டியைத் தேடிச் சேரும் முறை இருப்பதால் உங்கள் நண்பர் செய்தது சரியே. சுவீடனில் அதே துறையில் முதுநிலை ஆய்வேடு எழுதியவர் சில இடங்களில் முந்தியிருப்பதும் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே சடங்கு என்பதை ஏற்க மாட்டேன். 1766ஆம் ஆண்டின் அச்சுச் சுதந்திரச் சட்டத்தில் தொடங்கிய மரபுப்படி, அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வரும் விண்ணப்பம் பொது ஆவணம்; கேட்டால் பார்க்கலாம். எனக்குக் கிடைக்காமல் போன ஓர் இடத்துக்குத் தேர்வானவரின் விண்ணப்பத்தை அப்படிக் கேட்டு வாங்கிப் படித்தேன். விளம்பரம் குறிப்பிட்டிருந்த சோதனை முறையைத் தம் எம்.எஸ்சி. ஆய்வில் ஈஸ்ட் செல்களில் எப்படிச் செய்தார், எந்தக் கட்டத்தில் அது மூன்று முறை தவறியது, பிறகு எதை மாற்றினார் என்று இரண்டாம் பத்தியிலேயே எழுதியிருந்தார். என் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழம்பெருமை இருந்தது. அன்றிலிருந்து, கேட்பவரிடமெல்லாம் விளம்பரம் கேட்பதற்கு விடையாக உங்கள் கடிதம் அமையட்டும் என்கிறேன்.

கேள்வி: 6.8 சி.ஜி.பி.ஏ. என்றால்?

பதில்: 7.2க்குச் சொன்ன பதிலே.

கேள்வி: இடம் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஜூலையில் எழுதினேன், பதிலே இல்லை.

பதில்: ஜூலை அங்கே விடுமுறைக் காலம். ஆகஸ்ட் நடுவில் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்குள் அந்த விளம்பரத்தை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.