தமிழ்மொழிமூலப் பாடசாலைக்கு நன்கொடைத் திட்டத்தில் 30 டெப் (தொடுதிரைக் கைக்கணினி) வருகிறது. முதலில் எதைக் கவனிப்பது?

எழுத்துருவை. கொழும்பிலும் பழைய வினாத்தாள்கள் பல பாமினியில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத டெப்பில் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாக நிற்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு மாற்றியபின் 'கொ', 'கௌ' போன்றவற்றைக் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள். பிசகுவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது டேட்டா. 50 எம்பி வீடியோவை 30 பிள்ளைகள் தனித்தனியே இறக்கினால் ஒரே பாடத்துக்கு 1.5 ஜிபி! கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை வகுப்பறைக் கணினியில் நிறுவி, ஒருதடவை இறக்கி, ரவுட்டர் வழியே பகிருங்கள். இணையம் அறுந்தாலும் பாடம் நடக்கும்.

பாதீட்டில், மின்தடையில் கணினிக்குக் கைகொடுக்கும் யுபிஎஸ்ஸின் பற்றரி மாற்றும் செலவையும் போடுங்கள். ஈய அமிலப் பற்றரி 2–3 வருடத்தில் தளர்ந்துவிடும். அதற்குள் நன்கொடையாளர் கைகுலுக்கிப் போயிருப்பார்.