நம்பர் யாருடையது?

அன்புள்ள ஐயா,

நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். வயது 27. ரீலோட் போடுவது, போன் திருத்துவது என்று சின்னக் கடையொன்று வைத்திருக்கிறேன். என்னுடைய சிம் 075, எயார்டெல் நம்பர். எயார்டெல்லை டயலொக் எடுத்த பிறகு கடைக்கு வருகிற எல்லாருக்கும் ஒரே கதைதான்: "மேலே காசு கைமாறியிருக்கும்." அமெரிக்காவில் ஒரு பெரிய தொலைபேசிக் கம்பனி இன்னொன்றை வாங்க அனுமதி கேட்டிருந்த நேரம், அதன் அதிகாரிகள் ஜனாதிபதியின் ஹோட்டலிலேயே போய்த் தங்கினார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அங்கேயே அப்படியென்றால் இங்கே கேட்கவும் வேண்டுமா? எங்கள் எண்ணெய்க் குதங்களுக்கு நடந்ததும் இதுதானே? எல்லாரும் கள்ளர். நீங்கள் ஏன் இதைப் பற்றி எழுதுவதில்லை? அப்புறம் ஒரு சின்னக் கேள்வி: இந்தச் சிம்மை வைத்திருப்பதா, வேறு கம்பனிக்கு மாறுவதா?

அன்புடன்,
எஸ்.


அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த காலையில் நான் அம்மாவின் பழைய நம்பர் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் "எல்லாரும் கள்ளர்" என்று எழுதுகிறவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை. அந்த வசனத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. அதைச் சொன்னவுடன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விடலாம். எந்தக் கள்ளன், எந்தப் பக்கத்தால் வந்தான், படலையைத் திறந்து வைத்தது யார் என்று ஒருவரும் பார்க்கத் தேவையில்லை. உங்கள் கடையில் ஒரு நாளைக்கு இருபது பேர் அதைச் சொல்கிறார்கள் என்றால், எந்தக் கம்பனிக்கும் அதைவிட நிம்மதி கிடையாது.

ஹோட்டல் கதை உண்மை. ரி-மொபைல் ஸ்பிரின்ற்றை வாங்கப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தது. அதற்குப் பிறகு வாஷிங்டனில் ட்ரம்பின் ஹோட்டலில் 195,000 டொலர் செலவழித்ததாக அந்தக் கம்பனியே காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டது. 2020 ஏப்ரலில் இரண்டும் ஒன்றாகின. ஹோட்டலில் தங்கியதற்காகத்தான் அனுமதி கிடைத்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிப்பதும் கஷ்டம், அறை வாடகைக்குப் பற்றுச்சீட்டு இருக்கும். 2011 ஜனவரியில் இன்னொரு கூத்து. கொம்காஸ்ற் என்ற கேபிள் கம்பனி என்.பி.சி. யுனிவர்சல் என்ற தொலைக்காட்சிக் கம்பனியை எடுப்பதற்கு ஆதரவாக வாக்களித்த, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் ஆணையாளர் ஒருவர், நாலு மாதத்தில் அதே கொம்காஸ்ற்றுக்கே வேலைக்குப் போவதாக அறிவித்தார். சட்டப்படி அதுவும் குற்றமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 195,000 என்ற தொகை உங்கள் வீடியோ வரைக்கும் வந்து சேர்ந்தது, கம்பனியிடம் கடிதம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க அங்கே இரண்டு பேர் இருந்தபடியால்தான். அதே கொம்காஸ்ற் 2014ல் ரைம் வோர்னர் கேபிளை வாங்கப் புறப்பட்டு, எதிர்ப்பு பெருத்து, 2015 ஏப்ரலில் கைவிட்டுவிட்டுப் போன கதையும் உண்டு. அதை உங்கள் வீடியோக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

எண்ணெய்க் குதங்களை இதற்குள் இழுக்காதீர்கள். திருகோணமலையின் 99 எண்ணெய்க் குதங்களின் கதையில் வெள்ளைக்காரனும் வருவான், டெல்லியும் வரும், கொழும்பும் வரும். அது இன்னொரு நாளைக்கு.

நம் நாட்டில் கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் என்ன பேசப்படுகிறது என்பது வெளியே கேட்பது அபூர்வம். 2022 ஜூனில் ஒருநாள் கேட்டது. மன்னார் காற்றாலைத் திட்டத்தை இந்தியாவின் அதானி கம்பனிக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் வற்புறுத்துகிறார் என்று ஜனாதிபதி தன்னிடம் சொன்னதாக, மின்சார சபைத் தலைவர், அரச நிறுவனங்களை விசாரிக்கிற பாராளுமன்றத்தின் கோப் குழுவுக்கு முன்னால் சொன்னார். ஜனாதிபதி மறுத்தார். தலைவர் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று வாபஸ் வாங்கினார், பிறகு பதவியும் விலகினார். அவ்வளவுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். 1987ல் இங்கே நியாய வர்த்தக ஆணைக்குழு என்று ஒன்றை உண்டாக்கினார்கள். ஒரு கம்பனி இன்னொன்றை விழுங்கினால், அது பொதுநலனுக்குக் கேடா என்று விசாரிக்க அதற்கு அதிகாரம் இருந்தது. 2003ல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வந்தது, அந்த ஆணைக்குழு போனது. புதுச் சட்டத்தில் கம்பனிகள் இணைவதை விசாரிக்கிற பகுதியே இல்லை. யாராவது கத்தினோமா? இல்லை. சமாதான காலம், ஏ9 பாதை திறந்திருந்தது. நானும் அந்த வருடம் யாழ்ப்பாணம் போய் ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். படலையைக் கழற்றிக்கொண்டு போனவர்களை நாம் பார்க்கவில்லை. இருபது வருடம் கழித்து முற்றத்தில் நின்று கள்ளன், கள்ளன் என்கிறோம்.

தொலைபேசிக்கு மட்டும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு ஒன்று இருக்கிறது. அதை அமைத்த 1996 சட்டத்தில் தலைவர் அமைச்சின் செயலாளர். ஸ்ரீலங்கா ரெலிகொம்மில் ஏறக்குறைய பாதிப் பங்கு அரசாங்கத்தினுடையது, மொபிடெல் ரெலிகொம்மினுடையது. அதாவது விளையாடுகிற பிள்ளையின் தகப்பன்தான் நடுவர். டயலொக்–எயார்டெல் இணைப்பு 2024 ஜூன் 26ல் முடிந்தது. 1996க்குப் பிறகு அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது அடுத்த மாதம், ஜூலையில். இதில் சதி இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த வேலை முந்தியது என்று மட்டும் பாருங்கள்.

சரி, இணைப்பென்றாலே கேடு என்றும் நான் சொல்லமாட்டேன். எயார்டெல் நட்டத்தில் ஓடிய கம்பனி. முந்தி குச்சவெளிப் பக்கம் போனால் என்னுடைய 075 மூச்சே விடாது. இப்போது மழை நாளிலும் கதைக்கலாம். கம்பனிகளை எண்ணிப் பார்த்தும் பிரயோசனமில்லை. 2009ல் எயார்டெல் வந்து ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தபோது விலை சரிந்தது, நாமெல்லாம் விடிய விடியக் கதைத்தோம். அடுத்த வருடமே ஆணைக்குழு "இந்தக் கட்டணத்துக்குக் கீழே விற்கக்கூடாது" என்று தரை போட்டது. ஐந்து கம்பனி இருந்த காலத்தில்தான் அதுவும் நடந்தது. 2018ல் ஹட்ச் எடிசலாட்டை எடுத்து நாலானது, இப்போது மூன்று. 072 நம்பர் வைத்திருக்கிற ஆளை நினைத்துப் பாருங்கள். செல்ரெல், ரிகோ, எடிசலாட், ஹட்ச். மனுசன் கதிரையை விட்டு எழும்பவில்லை, நாலு பெயருக்கு வாடிக்கையாளராகி இரண்டு தடவை விற்கப்பட்டுவிட்டார்.

இப்போது அந்தக் கொப்பிக்கு வருகிறேன்.

1999. எனக்குப் பதினாறு வயது. மத்திய வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் எதிரும் புதிருமாக, காசு கொடுத்துப் போன் கதைக்கிற இரண்டு கொமினிகேசன் கடைகள். ஒன்றில் கண்ணாடிக் கதவு, காற்றாடி, கம்பியூட்டர் பில். மற்றதில் ஒரு வாங்கு, ஒரு போன், ஒரு கிழவர். நாங்கள் கிழவரின் ஆட்கள். மாமா ரொறன்ரோவிலிருந்து ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு எடுப்பார். எங்கள் வீட்டில் போன் இல்லை. அந்தக் கடையின் நம்பர்தான் எங்கள் நம்பர். கலியாணக் கார்டில்கூட அதைத்தான் அடித்தோம். அம்மா நாலரைக்கே போய் வாங்கில் இருந்துவிடுவா. வந்த கோலுக்கும் நிமிடக் கணக்கில் காசு. கையில் இல்லாவிட்டால் கிழவர் கொப்பியில் எழுதுவார்.

ஒருநாள் கண்ணாடிக் கடைக்காரர் கிழவரின் கடையை வாங்கிவிட்டார். கிழவருக்கு ஏலவில்லை, விற்றார், அதில் பிழையில்லை. வாங்கு எதிர்க்கடைக்குப் போனது. கடன் கொப்பியும் போனது. அது எங்களுக்குத் தெரியாது. அம்மா முதல் தடவை அங்கே போனபோது, புது முதலாளி கொப்பியை விரித்து, ஆட்களுக்கு முன்னால் பெயரை வாசித்து, "முந்நூற்று நாற்பது ரூபா" என்றார். அம்மா காதுத் தோட்டை ஒருக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இரண்டு தவணையில் தாறன் தம்பி" என்றா.

லைன் மட்டும் போகவில்லை. "எங்களிட்ட லைன் இருக்கு, அது எதுக்கு?" என்று விட்டுவிட்டார்கள். கிழவரின் கடையைப் பூட்டியாயிற்று. போன் உள்ளே, இன்னும் வெட்டப்படாமல்.

அந்த ஞாயிறு ஐந்து மணிக்குப் பூட்டிய கடைக்குள் போன் அடித்தது.

நானும் அம்மாவும் வெளியே தகரக் கதவோடு நிற்கிறோம். பதினான்கு தடவை அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. மூன்றாம் முறை அம்மா கதவில் கையை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு அண்ணா" என்றா, மாமாவுக்குக் கேட்கிற மாதிரி. புது நம்பரை எழுதி கடிதம் போட்டோம். கடிதம் கனடா போய்ச் சேருகிற காலமெல்லாம் உங்களுக்குத் தெரியாது. நாலாவது ஞாயிறு போன் அடிக்கவே இல்லை, லைனை வெட்டிவிட்டார்கள். மாமா பிறகு சொன்னார், அந்த ஒரு மாதமும் அவர் தமிழ்ப் பத்திரிகைகளில் திருகோணமலைச் செய்திகளில் எங்கள் பெயரைத் தேடினாராம். 1999 என்றால் என்ன காலம் என்று உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்.

கடன் மட்டும் புது முதலாளியிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. நம்பர் போய்ச் சேரவில்லை. இதைத்தான் நான் இருபத்தைந்து வருடமாகக் கண்டவரிடமெல்லாம் சொல்கிறேன், யாரும் காது கொடுப்பதில்லை, நீங்களாவது கேளுங்கள். 2024ல் 075காரருக்கு நம்பர் பறிபோகவில்லை, அது உண்மை. ஆனால் அந்த நம்பரைத் தூக்கிக்கொண்டு நாமாக வேறு கம்பனிக்கு நடக்க முடியுமா? பாகிஸ்தானில் 2007லிருந்து முடியும். இந்தியா முழுக்க 2011 ஜனவரியிலிருந்து முடியும். பங்களாதேசில் 2018லிருந்து முடியும். இங்கே பத்து வருடத்துக்கு மேலாக "வருகிறது, வருகிறது" என்கிறார்கள். வங்கி அனுப்புகிற குறியீடு அந்த நம்பருக்கு வருகிறது. கட்டாரிலிருந்து மூதூர்ப் பெண் தன் பிள்ளைக்கு எடுப்பது அந்த நம்பருக்கு. உங்கள் கடைப் பலகையில் எழுதியிருப்பது அந்த நம்பர். அதை விட்டுவிட்டுப் போக ஏலாது என்று தெரிந்த கம்பனி எதற்காக உங்களுக்குப் பயப்பட வேண்டும்? ஐந்து கம்பனி இருந்தாலென்ன, மூன்று இருந்தாலென்ன? மேலே யார் யாருக்குக் காசு கொடுத்தார் என்பதை நீங்களும் நானும் கண்டுபிடிக்கப் போவதில்லை. கீழே நம் காலில் கட்டியிருக்கிற கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, அதைப் பற்றி ஒரு மனு கிடையாது, ஒரு கடிதம் கிடையாது. உங்கள் கடிதத்திலும் ஒரு வரி கிடையாது, தம்பி. சிம் விற்கிற கடைக்காரர் நீங்கள். உங்களுக்கே இது தோன்றவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்ல?

கோபிக்காதீர்கள். உங்கள் வயதில் நானும் எல்லாரும் கள்ளர் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

  

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016லிருந்து இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். தொலைபேசி ஆணைக்குழுவிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: 2024 இணைப்புக்கு என்ன நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தீர்கள்? நம்பரை மாற்றாமல் கம்பனியை மாற்றும் வசதிக்கு இதுவரை என்னென்ன செய்தீர்கள், எந்தத் திகதியில்? "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் கதை எழுதி அனுப்புவார்கள். திகதி கேளுங்கள்.

சிம்மைப் பற்றிக் கேட்டீர்கள். வைத்திருங்கள், குச்சவெளிக்குப் போக உதவும். அப்புறம், கடையில் போட்டோக்கொப்பி மெசின் இருக்குமே? அனுப்புகிற கடிதத்தில் எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள், வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் வாங்கிக்கொள்கிறேன்.