நாற்றங்காலில் கொக்கி வேர்

கேள்வி: நாற்று மஞ்சளாகிக் குட்டையாக நிற்கிறது. யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை. பிடுங்கினால் வேர் நுனி கொக்கிபோல் வளைந்து வீங்கியிருக்கிறது. இதைத் தாங்கும் நெல் ரகம் உண்டா?
- வாசகர், கே.வி.குப்பம்

பதில்: கொக்கியைப் பார்த்துவிட்டீர்களே, பாதி வேலை முடிந்தது. எங்கள் கிணற்றடி நாற்றங்காலில் ஒருமுறை இதே மஞ்சளைப் பார்த்து, துத்தநாகக் குறை என்று நானே தீர்ப்பு சொல்லி சிங்க் சல்பேட் கொட்டினேன். மாமியார்தான் ஒரு நாற்றைப் பிடுங்கிக் கழுவி, "வேரைப் பாருங்க மாப்பிள்ளை" என்றார்.

இது வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நூல்போன்ற புழு. குஞ்சு வேர்நுனிக்குள் நுழைந்து, அங்குள்ள செல்களை ஊதிப் பெருக்கவைத்து உட்கார்ந்து சாப்பிடும். வெயில் காலத்தில் 3, 4 வாரத்தில் அடுத்த தலைமுறை.

நம் ரகங்களில் முழு எதிர்ப்பு அரிது. ஆப்பிரிக்க நெல்லான ஒரைசா கிளாபெரிமாவில் சில வகைகளுக்கு உண்டு. புழு உள்ளே போகும். ஆனால் சோறு போடும் செல் சரியாக உருவாகாது, பட்டினிதான். நம் நெல்லோடு அதைக் கலந்தால் சந்ததி பெரும்பாலும் மலடாகிவிடுகிறது, அந்த எதிர்ப்பு நம் ரகத்துக்கு எளிதில் வந்து சேர்வதில்லை. அதனால் கடைக்காரர் ‘நூற்புழு தாங்கும் விதை’ என்று நீட்டினால் நான் வாங்க மாட்டேன்.

சரி, வரும் நவரைப் பட்டத்துக்கு என்ன வழி? நாற்றங்காலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடாதீர்கள், எப்போதும் தண்ணீர் நிற்கும்படி கட்டுங்கள். நீர் நின்றால் புதுப் புழு வேருக்குள் நுழைவது கஷ்டம் (உள்ளே இருப்பது சாகாது). குதிரைவாலிப் புல்லையும் பிடுங்குங்கள், அதுவும் இந்தப் புழுவுக்கு வீடுதான். கொக்கி வேர் நாற்றை நடவே வேண்டாம். அப்புறம், வேரை மண்ணோடு ஈரத்துணியில் சுற்றி விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள்.