நின்றே கெடும் பேட்டரி: படகு வைத்திருப்போர் கேள்வி – பதில்

கேள்வி (நீலாங்கரை): எங்கள் 20 அடி ஃபைபர் படகில் 90 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். மே, ஜூன் இரண்டு மாதமும் டிரெய்லரிலேயே நின்றது. இப்போது சாவியைத் திருப்பினால் ‘டொக்’ என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரிக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது. கடையில் ‘மாத்திடுங்க சார்’ என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: பர்ஸை எடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதும். சார்ஜ் போட்டிருந்தால் சில மணி நேரம் சும்மா விட்டுத்தான் அளக்க வேண்டும்; சூட்டோடு பார்த்தால் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு.

12.6 காட்டியும் ‘டொக்’ என்றால் முதலில் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். அவசரத்தில் இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிற்றைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் செல்ஃப் சுற்றும், இன்ஜின் பற்றாது. தண்ணீரில்லாமல் ஓடி இம்பெல்லர் (குளிர்நீர் பம்பின் ரப்பர் விசிறி) கெடும் அபாயமும் இல்லை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கொம்பிலேயே அழுத்துங்கள். மறுமுனையை அதில் மாட்டியிருக்கும் லக்கின் (கேபிள் நுனியிலுள்ள உலோகப் பிடி) மேல் வையுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த ஒரு அங்குலத்துக்குள்தான். 150 ஆம்பியர் ஓடும்போது வெறும் 0.01 ஓம் தடை 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். கடற்கரை உப்புக்காற்றில் அந்தத் தடை வர வெள்ளையாகப் பூத்த ஒரு மெல்லிய படலம் போதும்.

லக்கைக் கழற்றி, ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கரைத்துக் கழுவுங்கள். ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது. ஈயம் பளிச்சென்று தெரியும்வரை கம்பி பிரஷ் போட்டு, இறுக்கி முடித்த பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். லக்குக்குப் பின்னால் கேபிள் உறையை ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் கேபிளையே மாற்றுங்கள். வெள்ளீயம் பூசிய செம்பு கேபிள்தான் கடலுக்குத் தாங்கும்.

12.2-க்குக் கீழே இருந்தால் சங்கதி வேறு. 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு 10 ஆம்பியர் சார்ஜர் போட்டு 14.4 வோல்ட்வரை ஏற்றுங்கள். ஓர் இரவு ஆறவிட்டு அளந்து, செல்ஃப் சுற்றும்போதும் பாருங்கள். இணைப்புகள் சுத்தமாக இருந்தும் 9.6-க்குக் கீழே விழுந்தால் அதன் கதை முடிந்தது. மூடி திறக்கும் வகை என்றால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரும் வையுங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அது போய்விட்டது.

உங்கள் பேட்டரி ஓடித் தேய்ந்ததாகத் தெரியவில்லை, நின்றே கெட்டிருக்கிறது. ரேடியோ மெமரி, கேஜ் எல்லாம் சேர்த்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் 60 நாளில் 72 ஏ.எச். போய்விடும். அதோடு வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாகச் சார்ஜ் இழக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கத்திரி வெயிலில் மூடிய பெட்டிக்குள் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள்! குறைந்த சார்ஜில் கிடக்கும் தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிப் படிந்துவிட்டால் பிறகு எந்தச் சார்ஜரும் முழுதாகக் கரைக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் படகை நிறுத்தினால் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், மாதம் ஒருமுறை முழு சார்ஜ் ஏற்றுங்கள்.

கேள்வி (திருவான்மியூர்): ஏசியில் சொட்டும் தண்ணீரைப் பேட்டரிக்கு ஊற்றலாமா? ஆர்.ஓ. தண்ணீர்?

பதில்: இரண்டும் வேண்டாம். ஏசி தண்ணீர் காயிலின் உலோகத்தையும் தூசியையும் சேர்த்தே கொண்டுவரும், ஆர்.ஓ.வில் உப்பு மிச்சமிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு, தகடுகளுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நிற்கும்படி. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முதலில் அது மூழ்குமளவு ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள். ஆசிட் ஊற்றவே கூடாது. குறைவது தண்ணீர்தான்.

கேள்வி (ஈஞ்சம்பாக்கம்): வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி சும்மா இருக்கிறது. படகில் வைக்கலாமா? இல்லையென்றால் எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

பதில்: வைக்காதீர்கள். டியூபுலர், சின்ன கரண்டை மணிக்கணக்கில் தருவதற்காகச் செய்தது; செல்ஃப் மோட்டார் கேட்பதோ ஓரிரு வினாடிக்குப் பெரிய கரண்ட். எடையும் 50 கிலோவைத் தாண்டும், அலையில் ஆசிட்டும் தளும்பும். இன்ஜின் கையேட்டில் சி.சி.ஏ. அல்லது எம்.சி.ஏ. (குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரக்கூடிய கரண்ட்) என்று ஓர் எண் இருக்கும். அதற்குக் குறையாமல் வாங்குங்கள். முன்னது மைனஸ் 18 டிகிரியிலும் பின்னது 0 டிகிரியிலும் அளப்பது. அதனால் ஒரே பேட்டரிக்கு எம்.சி.ஏ. பெரிதாகத் தெரியும், ஒன்றோடு மற்றதை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த, சிந்தாத ஏ.ஜி.எம். வகை அதிர்வைத் தாங்கும், ஆனால் அதற்கேற்ற சார்ஜர் வேண்டும். கடையிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள்; 12.5-க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள்.

கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மெயின் ஸ்விட்சை அணையுங்கள். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் இன்ஜின் உலோகத்தில் பட்ட கணமே நெருப்புப் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கக்கூடியது. பெட்டிக்குள் வைத்துப் பட்டையால் இறுக்குங்கள். கையால் ஆட்டினால் ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது. கையால் திருகும் இறக்கை நட்டை எடுத்துவிட்டு உள்ளே நைலான் வளையமுள்ள நைலாக் நட் போடுங்கள், அதிர்வில் தளராது. பாசிட்டிவுக்கு ரப்பர் மூடி கட்டாயம். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அது குப்பையோடு போகக் கூடாது.

கேள்வி (கோவளம்): ஐப்பசி, கார்த்திகை மழையில் படகு கழிமுகத்தில் கட்டிக்கிடக்கும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வரலாமா?

பதில்: அணைக்கலாம், படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் மட்டும் ஸ்விட்சுக்கு முன்னாலேயே தனி ஃபியூஸோடு பேட்டரியில் நேராக இணைந்திருந்தால். ஸ்விட்சை அணைத்துவிட்டு, தண்ணீர் ஏறினால் பம்பை ஓடவைக்கும் ஃப்ளோட்டைக் (மிதவை) கையால் தூக்கிப் பாருங்கள்; பம்ப் உறும வேண்டும். 3 ஆம்பியர் பம்ப், 100 ஏ.எச். பேட்டரியின் பாதியைத் தின்ன ஏறக்குறைய 17 மணி நேரம் விடாமல் ஓடினால் போதும். பம்ப் அவ்வப்போது மட்டும் ஓடினால் 20 வாட் சோலார் தகடு வெயில் நாளில் ஈடுகட்டும், மூட்டமான நாளில் அதை நம்பாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் படகைக் கரையேற்றுங்கள். பேட்டரியை அடித்தளத்திலிருந்து உயரத்தில் வையுங்கள். கடல்நீர் உள்ளே புகுந்தால் நச்சான குளோரின் வாயு வரும்.

கேள்வி (அண்ணா நகர்): லித்தியத்துக்கு மாறலாமா?

பதில்: பாட்டு, மீன்காட்டிக் கருவி, ஃபிரிட்ஜ் இவற்றுக்குத் தாராளமாக. 100 ஏ.எச். ஈய பேட்டரி 30 கிலோவுக்குப் பக்கம் வந்தால் லித்தியம் அதில் பாதிகூட இருக்காது. இன்ஜின் ஸ்டார்ட் செய்ய, உங்கள் கையேடு அனுமதித்தால் மட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்துவிட்டால் இன்ஜினின் சார்ஜிங் பகுதி எரிந்துபோகலாம்.