கேம் செட்டிங்ஸ் ஃபைல்கள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஆன்லைன் கேம்கள் உங்கள் செட்டிங்ஸை உங்கள் மெஷினில் எங்கே எழுதி வைக்கின்றன, அதில் எதைத் திருத்தலாம், எதைத் தொட்டும் பயனில்லை என்பது பற்றி இன்று கேளுங்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக், மைன்கிராஃப்ட் ஜாவா, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும். மொபைல் கேம்கள் ஓரளவு தெரியும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வேண்டுகோள். கேமை முழுசாக மூடிய பிறகே ஃபைலைத் திறங்கள். திறப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வேறு ஃபோல்டரில் போடுங்கள். இதை இன்று பல தடவை சொல்லப் போகிறேன்.

கே: அக்கா, கவுண்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு ஆட்டோஎக்செக் ஃபைல் (கேம் தொடங்கும்போது ஓட வேண்டிய கட்டளைகளின் பட்டியல்) எழுதி வைத்தேன். கேம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

ப: இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலாவது ஃபைல் பெயர். விண்டோஸ் இயல்பாக ஃபைலின் வால்பெயரை மறைத்துவிடும். நோட்பேடில் 'ஆட்டோஎக்செக்.சிஎஃப்ஜி' என்று சேமித்ததாக நீங்கள் நினைப்பீர்கள், உண்மையில் அது 'ஆட்டோஎக்செக்.சிஎஃப்ஜி.டிஎக்ஸ்டி' ஆக உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் வால்பெயர்களைக் காட்டச் சொல்லுங்கள், உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது ஃபோல்டர். 2023 செப்டம்பரில் கேம் சோர்ஸ் 2 எஞ்சினுக்கு (எஞ்சின் என்பது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மாறியபோது ஃபோல்டர் அமைப்பும் மாறிவிட்டது. வெளி ஃபோல்டரின் பெயர் இன்னும் பழைய 'குளோபல் அஃபென்சிவ்'தான், ஆனால் அதற்குள் 'கேம்', அதற்குள் 'சிஎஸ்கோ', அதற்குள் 'சிஎஃப்ஜி' என்று இறங்க வேண்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் நடுவில் இருக்கும் 'கேம்' ஃபோல்டரைத் தவறவிட்டுவிடுகிறார்கள். இரண்டும் சரியாக இருந்தால் ஸ்டீமில் (கேமை வாங்கித் திறக்கும் ஆப்) லாஞ்ச் ஆப்ஷன்ஸில் '+எக்செக் ஆட்டோஎக்செக்' சேர்த்துவிடுங்கள்.

கே: வீடியோ செட்டிங்ஸ் ஃபைலில் ரெசல்யூஷனை மாற்றினேன், சேவ் ஆனது. கேமை மூடித் திறந்தால் பழையபடியே இருக்கிறது.

ப: கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றியிருப்பீர்கள். பெரும்பாலான கேம்கள் தொடங்கும்போது ஃபைலைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும், மூடும்போது நினைவகத்தில் இருப்பதை அப்படியே ஃபைலில் எழுதிவிடும். நடுவில் நீங்கள் எழுதியதை அது பார்க்கவே இல்லை. மூடிவிட்டுத் திருத்துங்கள்.

கே: கொஞ்சம் அடிப்படையான கேள்வி. நாமே திறந்து திருத்துகிற மாதிரி டெக்ஸ்ட் ஃபைலில் ஏன் வைக்கிறார்கள்? பூட்டி வைத்தால் ஏமாற்றுவேலையே நடக்காதே?

ப: இப்படி ஒரு கேள்வி வராதா என்றுதான் காத்திருந்தேன்.

1996-ல் வந்த குவேக்கிலிருந்து தொடங்கலாம். அதில் மவுஸ் வேகம், கீ அமைப்பு எல்லாமே கன்சோல் மாறிகள், கன்சோல் கட்டளைகள். கன்சோல் என்பது கேமுக்குள் கட்டளைகளை டைப் செய்யும் பெட்டி, மாறி என்பது மதிப்பை மாற்றக்கூடிய ஒரு செட்டிங். கேமுக்குள் கன்சோலைத் திறந்து 'சென்சிட்டிவிட்டி 5' என்று அடித்தாலும், அதே வரியை ஒரு ஃபைலில் எழுதி கேமைப் படிக்கச் சொன்னாலும் விளைவு ஒன்றுதான். அதாவது கான்ஃபிக் ஃபைல் என்பது நீங்கள் கன்சோலில் அடிக்க வேண்டியதை முன்கூட்டியே அடித்து வைத்திருக்கும் பட்டியல், அவ்வளவுதான். அந்த எஞ்சினை வாங்கி மாற்றியமைத்துத்தான் வால்வ் நிறுவனம் 1998-ல் ஹாஃப்-லைஃப் செய்தது, அங்கிருந்து கவுண்டர்-ஸ்ட்ரைக் பிறந்தது. இன்றைக்கும் நீங்கள் எழுதுகிற 'பைண்ட்', '+அட்டாக்', 'சென்சிட்டிவிட்டி' எல்லாம் குவேக் காலத்துச் சொற்கள்.

இப்போது பூட்டு விஷயம். ஃபைலைப் பூட்டுவதில் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் அதைத் திறக்கும் சாவியும் கேமோடு சேர்ந்து உங்கள் மெஷினில்தான் இருக்கும். அதனால் இந்த எஞ்சின்களை எழுதியவர்கள் வேறு வழியில் போனார்கள்: ஒவ்வொரு மாறிக்கும் ஒரு முத்திரை. சிலவற்றுக்கு 'ஆர்க்கைவ்' முத்திரை இருக்கும், அவைதான் ஃபைலில் எழுதப்படும். மவுஸ் வேகம், கிராஸ்ஹேர் (குறிபார்க்கும் அடையாளம்) நிறம், ஒலி அளவு இந்த வகை. சிலவற்றுக்கு 'சீட்' (ஏமாற்று) முத்திரை இருக்கும். சோர்ஸ் எஞ்சினில் ஆர்_டிராஅதர்மாடல்ஸ் என்று ஒன்று உண்டு, அதற்கு 2 கொடுத்தால் மற்ற ஆட்டக்காரர்களைக் கம்பிக்கோடாகச் சுவருக்கு அப்பாலும் காட்டும். அதை ஃபைலில் எத்தனை முறை எழுதினாலும், சர்வர் சீட்ஸை அனுமதிக்காதவரை எஞ்சின் கண்டுகொள்ளாது. மூன்றாவது வகை 'ரெப்ளிகேட்டட்', அதாவது சர்வர் வைத்திருக்கும் மதிப்புதான் எல்லோருக்கும். புவியீர்ப்பு மாதிரி விஷயங்கள் இதில் வரும். சீட்ஸை அனுமதிக்கும் மாறியே இந்த மூன்றாவது வகைதான் என்பதால், உங்கள் ஃபைலில் அதை 1 என்று எழுதிக்கொண்டு அடுத்தவர் சர்வரில் நுழைய முடியாது.

ஆகவே ஃபைலைத் திறந்து வைத்திருப்பது அலட்சியம் இல்லை. உங்களுக்கு மட்டும் உரியது உங்கள் கையில், எல்லோருக்கும் பொதுவானது சர்வர் கையில் என்று யோசித்துப் போட்ட கோடு அது. எந்தக் கேமை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அந்தக் கோட்டைத்தான்.

கே: அக்கா, மொபைல் கேம்களில் காசு கொடுத்து வாங்கும் டைமண்ட், யூசி எல்லாம் எந்த ஃபைலில் சேவ் ஆகும்?

ப: உங்கள் ஃபோனில் எந்த ஃபைலிலும் இல்லை. திரையில் தெரிகிற எண் சர்வர் அனுப்பியது. அதைத் திருத்தினால் திரையில் ஒரு நிமிடம் வேறு எண் தெரியலாம், கடையில் வாங்கப் போனால் சர்வர் தன் கணக்கைத்தான் பார்க்கும்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1996-ல் வந்த டையப்ளோ, கதாபாத்திரத்தையே ஆடுபவரின் கம்ப்யூட்டரில் சேமித்தது. ஃபைலைத் திருத்தினால் அசகாய சூரர் ஆகிவிடலாம், திருத்தினார்கள், இணைய ஆட்டம் நாறிப்போனது. 2000-ல் டையப்ளோ 2 வந்தபோது சர்வரிலேயே கதாபாத்திரத்தை வைக்கும் மூடிய முறையையும், கம்ப்யூட்டரில் வைக்கும் திறந்த முறையையும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். இரண்டிலும் ஆடியவர்களைக் கேட்டால் வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

கே: பிஜிஎம்ஐ-யில் (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) யூசர்கஸ்டம் என்று ஒரு ஐஎன்ஐ (செட்டிங்ஸ்) ஃபைல் இருக்கிறதே, திறந்தால் எண்ணும் எழுத்துமாகக் குப்பை மாதிரி தெரிகிறது. என்கிரிப்ட் செய்திருக்கிறார்களா? கிராஃபிக்ஸை மாற்றித் தரும் ஜிஎஃப்எக்ஸ் டூல் அதைத்தான் மாற்றுகிறதா?

ப: ஆமாம், அந்த வகை டூல்கள் கைவைக்கும் இடங்களில் அது ஒன்று. உள்ளே இருப்பது அன்ரியல் எஞ்சினின் சாதாரணக் கிராஃபிக்ஸ் மாறிகள்தான். என்கிரிப்ஷன் என்று சொல்ல மாட்டேன், ஜன்னலுக்குத் திரை போட்ட மாதிரி. ஒவ்வொரு எழுத்தையும் பதினாறடி எண்ணான 79 உடன் எக்ஸ்-ஆர் செய்து எழுதியிருக்கிறார்கள். எக்ஸ்-ஆர் என்பது பிட் பிட்டாகச் செய்யும் ஒரு கணக்கு, அதே எண்ணால் மறுபடி செய்தால் பழையது திரும்பிவிடும். 57 என்று இருப்பதை அதே 79 உடன் எக்ஸ்-ஆர் செய்தால் 2ஈ வரும், ஆஸ்கி அட்டவணையில் அது முற்றுப்புள்ளி. இப்படியே போனால் மாறியின் பெயர் முழுசாக வெளியே வந்துவிடும்.

படித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி, கல்லூரிப் பிள்ளைகள் தாராளமாகச் செய்து பாருங்கள். மாற்றி எழுதுவது வேறு. கேமின் விதிமுறை இதைத் தடை செய்கிறது, அக்கவுண்ட் போனால் போனதுதான். ஆண்ட்ராய்டு 11-லிருந்து ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் டேட்டா ஃபோல்டரைச் சாதாரணமாகத் தொட முடியாது என்பதால் இந்த டூல்கள் கேட்கும் அனுமதிகளும் வரவர மோசமாகிவிட்டன. யாரோ எழுதிய ஏபிகே-க்கு (ஆண்ட்ராய்டு ஆப் ஃபைல்) அவ்வளவு அனுமதியா? நான் கொடுக்க மாட்டேன்.

கே: ஐபோனில் இதே ஃபைலை எப்படித் திறப்பது?

ப: ஜெயில்பிரேக் (ஐபோனின் பாதுகாப்புப் பூட்டை உடைப்பது) செய்யாமல் முடியாது. செய்யாதீர்கள்.

கே: அக்கவுண்ட் பேன் (தடை) ஆகிவிட்டது, எடுத்துத் தர முடியுமா?

ப: முடியாது. கேமின் சப்போர்ட் பக்கத்தில் எழுதுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அது மோசடி.

கே: டைமண்ட் ஃபைல் எங்கே இருக்கிறது?

ப: மேலே சொல்லிவிட்டேன். சர்வரில்.

கே: மைன்கிராஃப்டில் ஆப்ஷன்ஸ் ஃபைலில் காமா (வெளிச்ச அளவு) 1000 என்று போட்டால் குகை பளிச்சென்று தெரியும் என்று அண்ணன் சொன்னான். எனக்கு வேலை செய்யவில்லை.

ப: உங்கள் அண்ணன் சொன்னது 2022-க்கு முன்னால் உண்மை. ஜாவா பதிப்பில் வெளிச்சம் ஸ்லைடர் 0-லிருந்து 1 வரைதான் போகும், ஆனால் அந்த எல்லை மெனுவில் மட்டும்தான் இருந்தது. ஃபைலில் எந்த எண்ணைப் போட்டாலும் கேம் கேள்வி கேட்காமல் படித்தது. 1.19 பதிப்பிலிருந்து ஃபைலைப் படிக்கும்போதே எல்லையைச் சரிபார்க்கிறது, வெளியே இருந்தால் ஏற்பதில்லை.

அதே ஃபைலில் எஃப்ஓவி (பார்வைக் கோணம்) வரியையும் பாருங்கள், 0.0 என்று இருந்தால் பயந்துவிடாதீர்கள். அங்கே 0 என்றால் 70 டிகிரி, 1 என்றால் 110, மைனஸ் 1 என்றால் 30. 90 வேண்டுமென்றால் 0.5. நேரடியாக 90 என்று எழுதிவிட்டுக் கேட்பவர்கள் நிறையப் பேர்.

கே: ஒரு சந்தேகம். ஆட்டோஎக்செக்கில் ஏ, டி கீகளுக்கு அலியாஸ் (கட்டளைகளுக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) எழுதி நல் பைண்ட் வைத்திருந்தேன். 2024-ல் வால்வ் அதைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் என்னுடையது, ஃபைல் என்னுடையது, கேமே கொடுத்த அலியாஸ் கட்டளை. இது எப்படி ஏமாற்றுவேலை ஆகும்?

ப: தெரியாதவர்களுக்கு முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் ஓடிக்கொண்டே சுட்டால் குண்டு சிதறும். அதனால் இடப்பக்கம் போகிறவர் ஏ-யை விட்டுவிட்டு டி-யை ஒரு தட்டுத் தட்டி, சட்டென்று நின்று சுட வேண்டும். அந்த விடுதலுக்கும் தட்டலுக்கும் நடுவில் இரண்டு கீயும் சேர்ந்து அழுந்திவிட்டால் தடுமாறும். அதைப் பழகுவதுதான் இந்த ஆட்டத்தின் பாதித் திறமை. நல் பைண்ட் எழுதினால், கடைசியாக அழுத்திய கீ முந்தையதைத் தானே விடுவித்துவிடும். தடுமாற்றமே வராது.

2024 ஆகஸ்டில் வால்வ் செய்தது இதுதான்: ஒரே பைண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நகர்வு அல்லது தாக்குதல் செயல்களை வைத்தால் இயல்பாக வேலை செய்யாது, கீபோர்டே தானாகச் செய்தாலும் அதிகாரப்பூர்வ சர்வரிலிருந்து வெளியேற்றுவோம். நான் அதை ஆதரிக்கிறேன். உங்களுக்கு உரியது, எல்லோருக்கும் பொதுவானது என்று மேலே பிரித்த அந்தக் கோட்டை வைத்துப் பாருங்கள். உங்கள் கிராஸ்ஹேர் நிறம் எனக்கு எதுவும் செய்யாது. உங்கள் விரல் செய்ய வேண்டியதை ஒரு வரி செய்தால், எதிரே நிற்கும் நான் உங்களோடு ஆடவில்லை, உங்கள் ஃபைலோடு ஆடுகிறேன்.

கே: நான் மேலே கேட்டவன்தான். பல வருஷம் அதை அனுமதித்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. 2024 ஜூலையில் ரேசர் அதே வேலையைச் செய்யும் ஸ்னாப் டேப் கீபோர்டு விட்ட பிறகுதான் பிரச்சினை ஆனது. அதற்கு முன்னால் என் மாதிரி 600 ரூபாய் கீபோர்டில் ஆடுகிறவனுக்கு இருந்த ஒரே சமன் அந்த நாலு வரிதான்.

ப: இது நியாயமான வாதம், ஒதுக்கித் தள்ள மாட்டேன். டெக்ஸ்ட் ஃபைலின் பெரிய அழகே அது யாருக்கும் காசில்லாமல் கிடைப்பதுதான். கீபோர்டை மட்டும் விட்டுவிட்டு உங்கள் நாலு வரியை மட்டும் தடுத்திருந்தால் நான் உங்கள் பக்கம் நின்று கத்தியிருப்பேன். ஆனால் இரண்டையும் சேர்த்துத்தான் தடுத்தார்கள். 600 ரூபாய்க்காரருக்கும் விலையுயர்ந்த கீபோர்டுக்காரருக்கும் இப்போது ஒரே விரல்தான்.

கே: நடுவில் நுழைகிறேன். அப்படியானால் மைன்கிராஃப்ட் காமாவும் ஏமாற்றுதானே? அதைச் சிரித்த முகமாகச் சொல்லிக் கொடுத்தீர்கள், இவரைக் கண்டிக்கிறீர்கள்.

ப: சொல்லிக் கொடுக்கவில்லை, இப்போது வேலை செய்யாது என்றேன். கேள்வி நல்ல கேள்வி. தனியாக ஆடும் உலகில் காமாவை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், அங்கே எதிரே யாரும் இல்லை. ஆட்கள் மோதிக்கொள்ளும் சர்வரில் இருட்டில் ஒளிந்திருப்பவர் உங்களுக்கு மட்டும் தெரிகிறார் என்றால் அது ஏமாற்றுதான். ஒரே வரி, இடத்தைப் பொறுத்து வேறு விஷயம் ஆகிறது.

கே: கீபோர்டுக்காரன் மீண்டும். மானிட்டர்? 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 தடவை படம் மாறும்) மானிட்டர் வைத்திருப்பவன் என்னைவிட முன்னால் பார்க்கிறான். அதையும் தடுப்பார்களா?

ப: தடுக்க மாட்டார்கள், தடுக்கவும் முடியாது. மானிட்டர் உங்களுக்குக் காட்டுகிறது, முடிவெடுத்து விரலை அசைப்பது நீங்கள். ஸ்னாப் டேப் விரலுக்குப் பதிலாக முடிவெடுக்கிறது. காசு உள்ளவருக்கு அனுகூலம் இருக்கிறது என்பதை மறுக்கவே இல்லை, அது எனக்கும் உறுத்துகிற விஷயம். ஆனால் அதற்குப் பரிகாரம் ஸ்கிரிப்ட் இல்லை. உங்கள் சொந்த சர்வரில் நண்பர்களோடு ஆடும்போது அந்த பைண்டுகளை அனுமதித்துக்கொள்ளலாம், எல்லோரும் ஒத்துக்கொண்டால் அதில் ஒரு தவறும் கிடையாது.

மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், இதை இத்தோடு விடுகிறேன்.

கே: ஐஎன்ஐ ஃபைலை மாற்றினால் திரும்பப் பழையபடி ஆகிவிடுகிறது, ஏன்?

ப: கேமை மூடுங்கள். பிறகு மாற்றுங்கள். மூடியும் ஆகிறது என்றால் ஸ்டீம் கிளவுட் பழைய நகலை இறக்குகிறது, அதை நிறுத்திப் பாருங்கள்.

கே: ஃபைலுக்கு ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) போட்டால் மாறாது என்கிறார்களே?

ப: மாறாது. பிறகு மெனுவில் நீங்களே மாற்றுவதும் பதியாது, அது மறந்துபோய் ஒரு மாதம் கழித்து இங்கேயே வந்து கேட்பீர்கள். போடுவதானால் எந்த ஃபைலுக்குப் போட்டீர்கள் என்று எங்காவது எழுதி வையுங்கள்.

கே: ஒரு ப்ரோ பிளேயரின் கான்ஃபிக் என்று ஜிப் ஃபைல் கிடைத்தது. உள்ளே ஒரு இஎக்ஸ்இ இருக்கிறது, அதை ஓட்டினால் தானே செட் ஆகுமாம்.

ப: ஓட்டாதீர்கள். ஓட்டியிருந்தால் வேறு ஒரு மெஷினிலிருந்து ஸ்டீம், மெயில் பாஸ்வேர்டுகளை இப்போதே மாற்றுங்கள். செட்டிங்ஸ் என்பது நோட்பேடில் திறந்து படிக்கக்கூடிய சில வரிகள். அதை வைக்க இஎக்ஸ்இ எதற்கு? டெக்ஸ்ட் ஃபைலாகவே வந்தாலும் வரிவரியாகப் படித்துவிட்டுப் போடுங்கள். புரியாத வரி இருந்தால் இங்கே ஒட்டுங்கள், சொல்கிறேன்.

கே: அக்கா டைமண்ட்

ப: இல்லை.

கே: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். புது கம்ப்யூட்டருக்கு மாறுகிறேன். வருஷக்கணக்கில் அடுக்கி வைத்த ஆட்ஆன் (கேமோடு சேர்க்கும் துணை நிரல்) அமைப்பெல்லாம் போய்விடுமா?

ப: போகாது. கேம் ஃபோல்டருக்குள் 'ரீடெயில்', அதற்குள் 'டபிள்யூடிஎஃப்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை முழுசாக நகலெடுங்கள். அதில் கான்ஃபிக் ஃபைலில் கிராஃபிக்ஸ் வரிகள் இருக்கும். புது கிராஃபிக்ஸ் கார்டு என்றால் அந்த ஒரு ஃபைலை மட்டும் விட்டுவிட்டு, கேம் புதிதாக எழுதிக்கொள்ளட்டும். 'அக்கவுண்ட்' என்ற உள்ஃபோல்டரில் 'சேவ்ட்வேரியபிள்ஸ்' இருக்கிறது, ஆட்ஆன்கள் உங்கள் அமைப்பை லுவா என்ற நிரல் மொழி வடிவில் எழுதி வைக்கும் இடம் அதுதான். அங்கே இருப்பது அமைப்பு மட்டும், ஆட்ஆன்கள் 'இன்டர்ஃபேஸ்' ஃபோல்டரில் தனியாக இருக்கும், அதையும் சேர்த்து எடுங்கள். கீ அமைப்பும் மேக்ரோக்களும் பொதுவாக சர்வரிலிருந்தே இறங்கிவிடும்.

சேவ்ட்வேரியபிள்ஸ் லாக்அவுட் செய்யும்போதோ ரீலோடு செய்யும்போதோதான் எழுதப்படும். அதனால் பழைய மெஷினில் கேமிலிருந்து முறையாக வெளியே வந்து, முழுசாக மூடிவிட்டு, பிறகு நகலெடுங்கள். புது மெஷினில் ஒரு தடவை கேமைத் திறந்து மூடி, ஃபோல்டர்கள் உருவான பிறகு மேலே ஒட்டுங்கள்.